தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு நான்கு வழிகள்: சிங்கப்பூரில் யாருக்கு எது பொருந்தும்?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஈசூனில் இருக்கிறார். வயது 43, குடியுரிமை உள்ளவர், பதினைந்து வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. இன்னொருவர் செங்காங். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர், கணவரின் வேலையால் டிபென்டன்ட் பாஸில் (வேலை பாஸில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) வந்து ஆறு வருடம் ஆகிறது. சின்னப் பிள்ளை இந்த வருடம்தான் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறது. மூன்றாமவர் 26 வயது இளைஞர், எம்பிளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் இருக்கிறார். மூவரும் கேட்டது இதுதான்: "டேட்டா அனலிட்டிக்ஸ் பக்கம் போகணும். எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?"

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. பாடத்திட்டம் எப்படி, சொல்லித் தருபவர் யார் என்பதெல்லாம் அப்புறம். கையில் என்ன பாஸ் இருக்கிறது, எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் தாங்க முடியும், இப்போது செய்யும் வேலையில் உங்களுக்கு என்ன தெரியும் என்ற மூன்றும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலானவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற மூலதனம் அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

பாஸ். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது பிரச்சினையே இல்லை. மற்றவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. எம்பிளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்கு 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. வயது ஏற ஏற இதுவும் ஏறும். அதைத் தாண்டினாலும் 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் என்ற மதிப்பீட்டு முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எத்தனை நாட்டவர் கலந்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களை எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என நான்கு அடிப்படை அளவுகள். ஒவ்வொன்றிலும் 0, 10 அல்லது 20 கிடைக்கும். நான்கிலும் பத்துப் பத்து வந்தால் சரி. ஒன்றில் பூஜ்யம் வந்தால் வேறொன்றில் 20 வேண்டும். பற்றாக்குறைத் தொழில்கள் போன்ற சிலவற்றுக்குக் கூடுதல் புள்ளிகளும் உண்டு.

மொத்தச் செலவு. கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். மாதம் 3,500 வெள்ளி வாங்குகிறவர் வேலையை விட்டு ஒரு வருடம் படித்தால், கட்டணத்துக்கு மேல் 42,000 வெள்ளி வருமானம் போகிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேம நிதியில் (ஓய்வுக்காலச் சேமிப்பு) முதலாளி போடும் பங்கும் அதோடு நின்றுபோகும்.

காட்ட என்ன இருக்கும். நேர்காணலில் "நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள்" என்பார்கள். அப்போது திறந்து காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

திரும்பும் வழி. ஆறு மாதம் கழித்து இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று தெரிந்தால் எங்கே நிற்பீர்கள்?

இவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் தளமான மைகேரியர்ஸ்ஃபியூச்சரில் முப்பது விளம்பரங்களைப் படியுங்கள். எம்பிளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கப்போகும் நிறுவனங்கள் பொதுவாக அங்கே குறைந்தது 14 நாள் விளம்பரம் போட வேண்டும், சம்பள வரம்பும் அதில் இருக்கும். 'டேட்டா அனலிஸ்ட்' என்று மட்டும் தேடாதீர்கள். ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட், ஃபைனான்ஸ் அனலிஸ்ட், எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ் என்று பல பெயர்களில் இதே வேலை இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் தேவைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். எக்செல், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழி), பவர் பிஐ அல்லது டேப்லோ (தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்கள்) ஆகியவை அடிக்கடி வரும். கூடவே 'சரக்குப் போக்குவரத்து அனுபவம்', 'சில்லறை விற்பனை தெரிந்திருக்க வேண்டும்' மாதிரி ஒரு வரியும் வரும். அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

## வழி 1: முழுநேர முதுநிலைப் பட்டம்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் என்யுஎஸ்ஸின் பிசினஸ் அனலிட்டிக்ஸ், என்டியுவின் அனலிட்டிக்ஸ், எஸ்எம்யுவின் எம்ஐடிபி போன்றவை இந்த வகை. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம். கட்டணம் பல பத்தாயிரம் வெள்ளி.

இதில் புள்ளியியலின் அடிப்படை உறுதியாக அமையும். நிறுவனங்களோடு சேர்ந்து செய்யும் திட்டப்பணி இருக்கும். கூடப் படிப்பவர்களே பின்னாளில் வேலைக்குப் பரிந்துரை செய்பவர்களாகவும் ஆவார்கள். வெளிநாட்டவருக்கு இன்னொரு பயனும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரில் ஒரு சாதாரணக் கல்லூரியில் வாங்கிய பட்டம் காம்பஸில் பத்துப் புள்ளி தரும். இப்படியான சிங்கப்பூர்த் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பட்டம் இருபது தரும். நிறுவனத்தின் ஆள் கலவையால் ஒரு பூஜ்யம் விழும் இடத்தில் இந்தக் கூடுதல் பத்துதான் கைகொடுக்கும்.

மறைந்த செலவு சம்பள இழப்பு. அதோடு எதிர்பார்ப்பும் கூடிவிடும். அறுபது எழுபதாயிரம் வெள்ளி போட்டுவிட்டு வெளியே வருபவருக்குத் தொடக்கநிலை ரிப்போர்ட்டிங் வேலையை ஏற்க மனம் வராது. நிறுவனங்களோ, அனுபவம் இல்லாத முதுநிலைப் பட்டதாரிக்கும் தொடக்க வேலையைத்தான் தர முன்வரும். இந்த இழுபறியில் எட்டு மாதம் வீட்டில் இருந்தவர்களை நான் அறிவேன்.

முப்பதுக்குக் கீழ், குடும்பப் பொறுப்பு குறைவு, சேமிப்போ குடும்ப ஆதரவோ இருக்கிறது, டேஷ்போர்டு (முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) தாண்டி முன்கணிப்பு, இயந்திரக் கற்றல் பக்கமும் போக ஆசை என்றால் இதை எடுங்கள். டேஷ்போர்டு வேலைக்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை.

## வழி 2: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொழில்மாற்றப் பயிற்சி

அரசாங்கம் 2022ல் தொடங்கிய, எஸ்சிடிபி எனப்படும் இந்தத் திட்டத்தின் கீழ் வரும் பயிற்சிகள் சில மாதங்களில் முடிந்துவிடும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை மானியம், 40 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 90 விழுக்காடு வரை. மேலும் 40 நிரம்பிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை இதற்குப் பயன்படுத்தலாம். 2025லிருந்து, தகுதியுள்ள முழுநேரப் பயிற்சியில் சேரும் இதே வயதினருக்குத் தங்கள் சராசரி மாத வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, பயிற்சிப் படியாகவும் கிடைக்கும்.

நாற்பது தாண்டிய குடிமகனுக்கு இதைவிட மலிவான வகுப்புப் பயிற்சி இல்லை. அதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஆனால் நிரந்தரவாசிக்கு மானியம் உண்டு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடையாது. எம்பிளாய்மென்ட் பாஸ், டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவருக்கு இரண்டுமே கிடையாது. அவர்கள் முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் பெரும்பாலும் நஷ்டம்.

பயிற்சியின் வேகத்தையும் யோசியுங்கள். முதல் வாரம் எக்செல், மூன்றாம் வாரம் எஸ்கியூஎல், ஆறாம் வாரம் பைத்தான் நிரல்மொழி என்று ஓடும். வகுப்பில் தரும் தரவு சுத்தமாக இருக்கும். நிஜ அலுவலகத்தில் ஒரே வாடிக்கையாளர் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும், தேதிப் பத்தியில் பாதி நாள்-மாதம், மீதி மாதம்-நாள். அதைச் சரிசெய்யும் பொறுமை வகுப்பில் வராது. அப்புறம், ஒரே வகுப்பில் முப்பது பேர் ஒரே இறுதித் திட்டத்தைச் செய்து, முப்பது பேரும் அதையே நேர்காணலில் காட்டுவார்கள். சேர்ந்தால் இறுதித் திட்டத்துக்கு உங்கள் பழைய துறைத் தரவையே எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

சேருவதற்கு முன் பயிற்சி நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: போன தொகுதியில் வேலை கிடைத்தவர்களுக்கு என்ன பெயரில் வேலை கிடைத்தது? "நிறையப் பேருக்குக் கிடைத்தது" என்பதோடு நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் துருவுங்கள்.

## வழி 3: சொந்தமாகக் கற்றுக்கொள்வது

காசு குறைவாகச் செலவாகும் வழி. இணையத்தில் இலவசமாகவே எல்லாம் இருக்கிறது, சான்றிதழ் வேண்டுமென்றால் மாதத்துக்குச் சில பத்து வெள்ளி. செலவெல்லாம் நேரத்தில்தான். வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, இரவு பத்துக்கு உட்கார்ந்தால் வாரத்துக்கு ஆறு ஏழு மணி நேரம் கிடைக்கும். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும்.

இந்த வழியில் போகிறவர்கள் சான்றிதழ் சேர்ப்பதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழு சான்றிதழ் இருக்கும், சொந்தமாகச் செய்த வேலை ஒன்றுகூட இருக்காது. இரண்டு சான்றிதழோடு நிறுத்திக்கொண்டு ஒரே ஒரு திட்டத்தை ஆழமாகச் செய்யுங்கள். எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலைத் தரவு. டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1990லிருந்து உண்டு, 2017 ஜனவரிக்குப் பிந்தைய கோப்பே போதும்.

அதைத் திறந்ததுமே பாடம் ஆரம்பிக்கும். மீதமுள்ள குத்தகை '61 வருடம் 04 மாதம்' என்ற பாணியில் ஆங்கிலத்தில் வாக்கியமாக எழுதப்பட்டிருக்கும். அதை எண்ணாக மாற்றினால்தான் கணக்குப் போட முடியும். மாடி '10லிருந்து 12' என்று வரம்பாக இருக்கும். ஐந்தறை வீட்டையும் மூவறை வீட்டையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால், பெரிய வீடுகள் அதிகமுள்ள நகரம் விலை கூடியதுபோலத் தெரியும். ஆகவே சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும், சராசரிக்குப் பதில் நடுமதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விலையைப் பார்க்க வேண்டும். புக்கிட் தீமாவில் மாதத்துக்கு மிகச் சில வீடுகளே கைமாறும், அங்கே நடுமதிப்புகூடத் துள்ளும். விலைக்குப் பக்கத்தில் எத்தனை விற்பனை என்றும் காட்டினால்தான் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு இருக்கின்றன. அந்தக் கோப்பில் இருக்கும் மாதம் பதிவான மாதம், விலை பேசி முடித்த மாதம் அல்ல. ஆகவே ஒரு கொள்கை மாறிய மறுமாதமே விலை மாறியது என்று எழுதினால் தவறாகிவிடும். அதேபோல 2020 ஏப்ரல், மே மாதங்களில் விற்பனை பள்ளமாக விழுந்திருக்கும். அது கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம் என்று இங்கே வாழ்ந்த யாருக்கும் தெரியும். கோடு விழுந்திருக்கும் இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்தீர்கள் என்றால், நேர்காணல் செய்பவர் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

இந்த வழியின் குறை, உங்கள் தவற்றைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை என்பது. மாதம் ஒருமுறையாவது துறையில் இருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். வாய்ப்பை நீங்களே தேட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பாஸ் நிலவரம் இழுபறியாக இருப்பவர்கள் பெரிய காசைப் பணயம் வைக்காமல் நகர இதுதான் பாதுகாப்பான வழி.

## வழி 4: இருக்கும் வேலையிலிருந்தே நகர்வது

நான் வந்த வழி இது. ஆகவே இதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

2017ல் ஒரு சரக்கு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினோரு எக்செல் கோப்புகளைத் திறந்து, வெட்டி ஒட்டி, ஒரே அறிக்கையாக்க வேண்டும். மதியம் முழுக்க அதிலேயே போகும். எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரியை இரவுகளில் ஒரு மாதம் கற்று அந்த வேலையைத் தானாக நடக்க வைத்தேன். மேலாளர் கவனித்தார். அடுத்த பிரிவின் அறிக்கையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒன்றரை வருடத்தில் என் வேலைப் பெயரே மாறியது.

நடுவில் இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். முதல் டேஷ்போர்டில் பதினான்கு வரைபடம் வைத்திருந்தேன். கிடங்கு மேற்பார்வையாளர் பெரிய திரையில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான்மா இருக்கு. இப்ப எந்த லாரிய முதல்ல விடணும்?" அந்தப் பதினான்கில் ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. கொள்கலனை இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் முடிந்தால் தினமும் காசு கட்ட வேண்டும். அவருக்கு வேண்டியது, இன்று யாருக்கு நாள் முடிகிறது என்ற பட்டியல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாள் முடியும் வரிசையில் ஒரே அட்டவணை வைத்தேன். அன்றிலிருந்து காலையில் அவர் முதலில் திறப்பது அந்தப் பக்கம்தான்.

இரண்டாவது அடி கொஞ்சம் பலமானது. டெலிவரிப் பட்டியலையும் பில் பட்டியலையும் இணைத்தேன். ஒரே டெலிவரிக்கு இரண்டு பில் இருந்த இடங்களில் அந்த டெலிவரி இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. 4,812 வரிசை இருந்தது இணைத்தபின் 5,307 ஆகியிருந்தது, நான் பார்க்கவே இல்லை. அறிக்கை இயக்குநர் மேசை வரை போனது. பில் போடும் அக்காதான் "இந்த மாசம் இவ்வளவு போகலையே" என்று கண்டுபிடித்தார். அறிக்கையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டேன். இணைப்பதற்கு முன் எத்தனை வரிசை, பின் எத்தனை வரிசை என்று எழுதி வைக்காமல் இன்றுவரை நான் ஒரு இணைப்பும் செய்வதில்லை.

அந்த அக்காவுக்கு எஸ்கியூஎல் தெரியாது. ஆனால் மாதத்துக்கு எவ்வளவு சரக்குப் போகும் என்று தெரியும். துறையறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையின் விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023ல் தீபாவளி நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. துறை தெரியாத ஒருவர் நவம்பருக்கு நவம்பர் ஒப்பிட்டு, 2024ல் விற்பனை சரிந்துவிட்டது என்று சிவப்பு அம்பு போடுவார். கவுன்ட்டரில் நின்றவருக்குத் தெரியும், தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை ஆறு வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று. சீனப் புத்தாண்டும் இப்படித்தான், 2024ல் பிப்ரவரி 10, 2025ல் ஜனவரி 29. பொருள் சேவை வரி 2024 ஜனவரியில் 8லிருந்து 9 விழுக்காடாக ஏறியது. வரியோடு சேர்த்த தொகையை வைத்து வளர்ச்சி காட்டினால் அதுவும் தப்பாகிவிடும். இதெல்லாம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. கணக்குப் பிரிவில் பதினைந்து வருடம் இருந்தவர் தலையில் இருக்கிறது.

இந்த வழியின் மறைந்த செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய வேலை குறையாது, புது வேலை கூடிக்கொண்டே போகும். ஆறு மாதத்தில் வேலைப் பெயர் அல்லது சம்பளம் பற்றிப் பேசாவிட்டால் 'எக்செல் தெரிஞ்ச ஆள்' என்றே வைத்துவிடுவார்கள். எத்தனை மணி நேரம் மிச்சமானது, எந்தத் தவறு குறைந்தது என்று தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு பேசப் போங்கள். சில நிறுவனங்களில் தரவைத் தொடவே விடமாட்டார்கள், மேலாளர் வழிவிடமாட்டார். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். இன்னொன்று, அலுவலகத் தரவை வெளியே எடுத்துக் காட்ட முடியாது. 2012ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, உங்கள் ஒப்பந்தமும் இருக்கிறது. ஆகவே வெளியே காட்டுவதற்கு வீவக தரவு மாதிரி பொதுத்தரவில் ஒரு திட்டம் தனியாக வேண்டும்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும், அரசாங்கம் நிறுவனங்கள் வழியாக நடத்தும் தொழில்மாற்றத் திட்டங்களைப் பற்றி ஹெச்ஆரிடம் கேளுங்கள். நிறுவனம் உங்களை வேலையில் வைத்துப் பயிற்சி தரும்போது, சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் நிறுவனத்துக்குத் தரும்.

## எந்தக் கருவி முதலில்?

எல்லோரும் இதை முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள், ஆனால் இதற்குப் பதில் சின்னது. உங்கள் நிறுவனமோ, நீங்கள் படித்த முப்பது விளம்பரங்களோ எதைக் கேட்கின்றனவோ அதுதான். மைக்ரோசாஃப்ட் மென்பொருள் ஓடும் அலுவலகங்களில் பவர் பிஐ சுலபமாக நுழைகிறது. அதன் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர் இதைத் தெரியாமல் சேர்ந்து திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் பகிர அலுவலக அல்லது பள்ளி மின்னஞ்சல் வேண்டும், ஜிமெயில் முகவரி ஏற்காது. டேப்லோ பப்ளிக் மேக்கிலும் ஓடும், இலவசம், வெளியிட்டதை யாருக்கும் இணைப்பாக அனுப்பலாம். வேலை தேடும்போது அது பெரிய வசதி. வெளியிட்டால் உலகமே பார்க்கும் என்பதால் அலுவலகத் தரவை அங்கே ஏற்றவே கூடாது. இரண்டில் ஒன்றை நன்றாகக் கற்றவருக்கு மற்றது ஒரு மாதத்தில் வந்துவிடும். எஸ்கியூஎல் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | முதுநிலைப் பட்டம் | எஸ்சிடிபி பயிற்சி | சொந்தக் கற்றல் | உள்ளிருந்தே நகர்தல் |
|---|---|---|---|---|
| காலம் | 12–18 மாதம் | சில மாதம் | 9–12 மாதம் | 12–18 மாதம் |
| கைக்காசு | மிக அதிகம் | குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குறைவு, 40 நிரம்பிய குடிமக்களுக்கு இன்னும் குறைவு. பாஸில் இருப்பவர்களுக்கு முழுக் கட்டணம் | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| சம்பள இழப்பு | முழுதாக | முழுநேரம் என்றால் உண்டு | இல்லை | இல்லை |
| பாஸுக்கு உதவி | காம்பஸ் படிப்புப் புள்ளி கூடலாம் | இல்லை | இல்லை | இருக்கும் பாஸோடு தொடரலாம் |
| காட்ட இருப்பது | பட்டம், திட்டப்பணி | சான்றிதழ், பொதுவான திட்டம் | சொந்தத் திட்டம் | நிஜ அனுபவம், ஆனால் தரவைக் காட்ட முடியாது |
| மறைந்த செலவு | கூடிப்போன எதிர்பார்ப்பு | எல்லோரிடமும் ஒரே திட்டம் | திருத்த ஆள் இல்லை | இரட்டை வேலை |
| திரும்பும் வழி | கடினம் | நடுத்தரம் | எளிது | எளிது |

## அந்த மூவருக்கும் சொன்னது

26 வயது இளைஞருக்கு நான்காவது வழி. அவருடைய பாஸ் இந்த நிறுவனத்தோடு கட்டுண்டது, வேறு இடம் போனால் புது விண்ணப்பம், காம்பஸ் எல்லாம் மறுபடியும் வரும். உதவிப் பிரிவில் இருப்பதால் எந்தக் கணினிப் பிரச்சினை எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரத்தில் தீர்கிறது என்ற பதிவுகள் அவர் கையிலேயே இருக்கின்றன. முதல் டேஷ்போர்டுக்கு அதைவிட நல்ல தரவு வேண்டியதில்லை. பொறுப்பு மாறும் பேச்சு வந்தால், வேலைப் பெயர் மாற்றத்தைப் பற்றி ஹெச்ஆரிடம் முன்கூட்டியே பேசச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து, சேமிப்பும் அனுபவமும் சேர்ந்தபின் முதுநிலைப் பட்டம் அவருக்குப் பொருந்தும்.

செங்காங் அம்மாவிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இல்லை. 2021 மே மாதத்தில் வந்த விதிப்படி, டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய, நிறுவனம் அவருக்குத் தனி வேலை பாஸ் எடுக்க வேண்டும். ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு தொடக்க வேலைக்கு எம்பிளாய்மென்ட் பாஸ் சம்பளத்தைத் தர நிறுவனங்கள் யோசிக்கும், எஸ் பாஸ் (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி) என்றால் நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பு இருக்கிறது. முழுக் கட்டணம் கட்டி மூன்று மாதப் பயிற்சியில் சேர அவர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். வேண்டாம் என்றேன். இப்போதைக்குச் சொந்தக் கற்றல், ஒரு நல்ல திட்டம். குடும்பமாக நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அது கிடைத்தால் பாஸ் தடையே இல்லை, மானியமும் வரும், அப்போது இரண்டாவது வழி திறக்கும். கிடைக்காவிட்டால், சேமிப்பு அனுமதித்தால், முதல் வழி. அவர் வீவக தரவில் செங்காங்கையும் பொங்கோலையும் ஒப்பிட ஆரம்பித்திருக்கிறார். குத்தகை வாக்கியத்தை எண்ணாக மாற்றிவிட்டேன் என்று இரவு பதினொன்றரைக்குச் செய்தி அனுப்பினார்.

ஈசூன்காரரிடம் 4,000 வெள்ளி இருக்கிறது, 90 விழுக்காடு மானியமும் உண்டு. உடனே வேலையை விட்டு முழுநேரப் பயிற்சியில் சேரத் துடித்தார். நான் கேட்டது: "மாதக் கடைசியில் உங்கள் முதலாளி முதலில் கேட்பது என்ன?" யோசிக்கவே இல்லை. "யார்கிட்ட இருந்து காசு வரலைன்னு கேட்பார்." அறுபது நாள் தாண்டியும் பணம் வராத வாடிக்கையாளர்களை ஒரே பக்கத்தில் காட்ட முடியுமா என்று கேட்டேன். யார் சீனப் புத்தாண்டுக்குப் பிறகுதான் கட்டுவார்கள், யாரிடம் இரண்டு முறை கூப்பிட்டால் போதும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூன்று மாதம் இதைச் செய்து பார்த்து, பிடித்திருந்தால் பகுதிநேரப் பயிற்சியில் சேருங்கள், அந்தத் தொகைக்குக் காலக்கெடு இல்லை, ஓடிப்போகாது என்றேன்.

போன வாரம் முதல் பக்கத்தை அனுப்பியிருந்தார். வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் அ, ஆ, இ என்று மாற்றி, தொகைகளையும் மாற்றித்தான் அனுப்பியிருந்தார். சொல்லாமலே செய்தது எனக்குப் பிடித்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நான்கு வண்ணம் இருந்தது. அறுபது நாள் தாண்டியது மட்டும் சிவப்பில் இருக்கட்டும், மற்றதெல்லாம் சாம்பல் போதும் என்று எழுதி அனுப்பினேன்.